ஒளியைப் பதிந்த வரலாறு – 19: திசையால் எழுதிய படலம்

ஒரு பொருளின் தோற்றத்தைப் பதியாமல், அப்பொருளிலிருந்து புறப்பட்டு வரும் ஒளியலையின் அமைப்பையே பதிந்து வைப்பது ஹோலோகிராம் என்பதும், அதனால்தான் அப்பதிவின் மீது மீண்டும் ஒளி விழும்போது ஆழமும் கோணத்துக்குக் கோணம் மாறும் காட்சியும் கிடைக்கின்றன என்பதும் முந்தைய இயல்களில் விளக்கப்பட்டன. இங்கிலாந்தின் ரக்பி நகரில் எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் குறைகளைத் தீர்க்க முயன்ற டென்னிஸ் கேபர் 1947-இல் கண்ட இக்கருத்து, லேசர் பிறந்த பின், 1962-ஐ ஒட்டி அமெரிக்காவில் எம்மெட் லீத், ஜூரிஸ் உபட்னீக்ஸ் ஆகியோராலும் லெனின்கிராடில் யூரி டெனிசியுக்காலும் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு கால் நூற்றாண்டு காலம் ஆய்வாளர்களை வருத்திய கேள்வி ஒன்றுதான்: அலையின் கட்டத்தை, அதாவது ஏற்ற இறக்கச் சுழற்சியில் ஒவ்வோரிடத்திலும் அலை எந்த நிலையில் இருக்கிறது என்பதை, எந்தப் பொருளில், எந்தப் பண்பின் வழியாகப் பதிவது?

முதல் விடை கருமை. ஒளிப்படத் தகட்டில் குறுக்கீட்டு வரிகளைக் கருமையும் வெளிறலுமாகப் பதிந்தால், அவ்வரிகள் ஒரு கீற்றணியாகச் செயல்பட்டு ஒளியை உரிய திசையில் வளைக்கின்றன. ஆனால் கருமை ஒளியை உறிஞ்சிவிடுவதால், சைன் வடிவில் ஏறி இறங்கும் மெல்லிய வரிகள் தம்மேல் விழும் ஒளியில் அதிகபட்சம் 6.25 விழுக்காட்டையே உருவத்துக்கு அளிக்க முடியும் என்பது கணக்கு காட்டும் எல்லை. இரண்டாவது விடை பாதை. தகட்டை வெளுத்து, கருமையை ஒளிவிலகல் எண்ணின் வேறுபாடாக மாற்றினால், அல்லது பரப்பையே மேடும் பள்ளமுமாகச் செதுக்கினால், ஒளி எதுவும் உறிஞ்சப்படாமல், சில இடங்களில் தாமதமாகவும் சில இடங்களில் விரைவாகவும் கடந்து செல்கிறது. அப்போதும் சைன் வடிவ வரிகளுக்குரிய எல்லை 33.9 விழுக்காடுதான். தடித்த படலங்கள் ஏறத்தாழ முழு ஒளியையும் தரவல்லவை என்றாலும், அவை குறிப்பிட்ட ஒரு கோணத்தில், குறிப்பிட்ட ஒரு நிறத்தில் ஒளி விழுந்தால் மட்டுமே அவ்வாறு இயங்குகின்றன. மெல்லிய பரப்பில் முழு ஒளியையும் பெற வேண்டுமானால் ரம்பப்பல் போன்று சீராக ஏறி, ஒரு முழு அலைநீளத் தாமதம் சேர்ந்ததும் செங்குத்தாக இறங்கும் வடிவம் வேண்டும். 1969-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் லெசெம், ஹிர்ஷ், ஜோர்டன் ஆகியோர் கினோஃபார்ம் என்ற பெயரில் முன்வைத்தது அத்தகைய அமைப்பைத்தான். காகிதத்தில் குறையற்ற அக்கருத்து செதுக்கும்போது தடுமாறியது. செங்குத்தான ஒவ்வொரு இறக்கமும் நடைமுறையில் சற்றே மழுங்கி, ஒளியைச் சிதறடித்தது.

கருமையையும் பாதையையும் விட்டு மூன்றாவதாக ஒரு பண்பு இருக்கக்கூடும், பாதையின் நீளம் எங்கும் ஒன்றாகவே இருக்கக் கட்டம் மட்டும் இடத்துக்கு இடம் மாறக்கூடும் என்று எண்ணியவர்கள் அன்றைய ஹோலோகிராம் ஆய்வாளர்களிடையே அரிது. அதற்கான அடிப்படையோ, அவர்கள் யாரும் படித்திராத ஓர் இந்திய ஆய்விதழில், 1956-லேயே அச்சாகியிருந்தது.

எஸ். பஞ்சரத்தினம் 1934-இல் கல்கத்தாவில் பிறந்தவர், சி. வி. இராமனின் சகோதரியின் மகன். பெங்களூரில் இராமன் தொடங்கிய ஆய்வு நிறுவனத்தில் மாணவராகச் சேர்ந்து, படிகங்களின் ஊடே ஒளி செல்லும் விதத்தை ஆராய்ந்தார். அயோலைட் போன்ற, ஒளியை ஓரளவு உறிஞ்சும் படிகங்களில் தோன்றும் குறுக்கீட்டு வடிவங்கள் வழக்கமான கோட்பாட்டுக்கு அடங்கவில்லை. அவற்றை விளக்க முற்பட்டவர் எளிமையான, ஆனால் அதுவரை யாரும் தெளிவாகக் கேட்டிராத ஒரு கேள்விக்கு வந்து சேர்ந்தார். ஒளி என்பது அதிர்வு; அதிர்வு நடைபெறும் விதத்தைத் தளவிளைவு என்கிறோம். அதிர்வு ஒரே கோட்டில் நிகழ்ந்தால் அது நேர்கோட்டுத் தளவிளைவு. அதிர்வின் திசை வலப்புறமாகவோ இடப்புறமாகவோ சுழன்றுகொண்டே சென்றால் அது வட்டத் தளவிளைவு. இரண்டுக்கும் இடைப்பட்டவை நீள்வட்டத் தளவிளைவுகள். ஒரே விதத் தளவிளைவு கொண்ட இரண்டு கற்றைகள் ஒரே கட்டத்தில் உள்ளனவா என்பதை முகடுகளை ஒப்பிட்டுச் சொல்லிவிடலாம். வெவ்வேறு விதமாக அதிரும் இரண்டு கற்றைகளில் எந்த முகட்டை எந்த முகட்டோடு ஒப்பிடுவது?

பஞ்சரத்தினம் அளித்த விடை ஆய்வகத்தில் சோதிக்கக் கூடியது: இரண்டு கற்றைகளையும் ஒன்றுசேர்க்கும்போது எந்த நிலையில் மொத்த ஒளிச்செறிவு உச்சத்தை அடைகிறதோ, அந்த நிலையில் அவை ஒரே கட்டத்தில் உள்ளன என்று கொள்ளலாம். வரையறை எளிது, அதன் விளைவு வியப்பானது. முதல் கற்றை இரண்டாவதோடும், இரண்டாவது மூன்றாவதோடும் ஒரே கட்டத்தில் இருந்தால், மூன்றாவது முதலாவதோடு ஒரே கட்டத்தில் இருக்க வேண்டும் என்பதே இயல்பான எதிர்பார்ப்பு. அவ்வாறு இருக்க வேண்டியதில்லை என்று அவர் நிறுவினார். எஞ்சும் வேறுபாட்டின் அளவையும் வடிவியலாகவே கொடுத்தார். பிரெஞ்சுக் கணிதவியலர் ஹென்றி பாயின்காரே 1892-இல் வகுத்த ஒரு கோளம் அதற்குத் துணைசெய்தது: அதன் இரு துருவங்கள் வலச்சுழி, இடச்சுழி வட்டத் தளவிளைவுகளையும், நடுக்கோடு எல்லாத் திசைகளிலுமுள்ள நேர்கோட்டுத் தளவிளைவுகளையும், எஞ்சிய புள்ளிகள் நீள்வட்டத் தளவிளைவுகளையும் குறிக்கின்றன. மூன்று கற்றைகளுக்குரிய மூன்று புள்ளிகளைப் பெருவட்ட வில்களால் இணைத்தால் கோளத்தின் மேல் ஒரு முக்கோணம் கிடைக்கும்; அம்முக்கோணம் கோளத்தின் மையத்தில் தாங்கும் திண்மக் கோணத்தில் பாதியே, எஞ்சும் கட்ட வேறுபாடு. கிடைநிலை நேர்கோடு, 45 பாகை சாய்ந்த நேர்கோடு, வலச்சுழி வட்டம் ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டால், முக்கோணம் கோளப் பரப்பில் எட்டில் ஒரு பங்காக அமைகிறது. அதற்குரிய கட்ட வேறுபாடு 45 பாகை, அதாவது ஓர் அலையில் எட்டில் ஒரு பங்கு. எந்தக் கற்றையும் கூடுதல் தொலைவு பயணம் செய்யாமலே இவ்வேறுபாடு தோன்றுகிறது.

இந்திய அறிவியல் அகாதமியின் நடவடிக்கைகள் இதழில் அக்கட்டுரை வெளியானபோது அவருக்கு வயது 22. பின்னர் மைசூர்ப் பல்கலைக்கழகத்திலும் அதன் பிறகு ஆக்ஸ்ஃபோர்டிலும் பணியாற்றிய அவர் 1969-இல் 35 வயதில் மறைந்தார். தம் கண்டுபிடிப்பு வேறு துறைகளில் என்ன ஆனது என்பதைக் காண அவருக்கு வாய்க்கவில்லை. 1984-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் பெர்ரி, குவாண்டம் அமைப்பு ஒன்று மெல்ல மாற்றப்பட்டுத் தொடங்கிய நிலைக்கே திரும்பும்போது, சென்ற வழியின் வடிவியலைப் பொறுத்த ஒரு கட்டத்தைச் சுமந்து வருகிறது என்று காட்டினார். அது இயற்பியல் உலகெங்கும் பேசப்பட்டது. பெர்ரியின் கட்டமும் பஞ்சரத்தினத்தின் கட்டமும் ஒரே குடும்பத்தவை என்பதை 1986-இல் கரண்ட் சயன்ஸ் இதழில் எஸ். இராமசேஷனும் ராஜாராம் நித்யானந்தாவும் சுட்டிக்காட்டினர். 1987-இல் பெர்ரியே அதை விரிவாக ஏற்று, பஞ்சரத்தினத்தின் முன்னோடித்தனத்தைப் பதிவுசெய்தார். ஒரு முடிவை முப்பதாண்டுகள் மறந்திருந்துவிட்டு, வெளிநாட்டிலிருந்து அதன் உறவுமுறைக் கருத்து வந்த பின்பே நினைவுகூர்வது இந்திய அறிவியலில் புதிதன்று; ஆயினும் இங்கு நினைவுகூர்ந்தவர்கள் பெங்களூரிலேயே இருந்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது. அங்குள்ள இராமன் ஆய்வு நிறுவனத்தின் ராஜேந்திர பண்டாரியும் ஜோசப் சாமுவேலும் 1988-இல் இக்கட்டத்தை லேசர் குறுக்கீட்டுமானியால் நேரடியாகவே அளந்து காட்டினர்.

இக்கட்டத்தை ஹோலோகிராம் எழுதப் பயன்படுத்தலாம் என்பது அரை அலைத் தகட்டின் இயல்பிலிருந்து தெரிகிறது. சில பொருள்களுக்கு, ஒளி எத்திசையில் அதிர்கிறது என்பதைப் பொறுத்து இரண்டு வெவ்வேறு ஒளிவிலகல் எண்கள் உண்டு. இதுவே இரட்டை ஒளிவிலகல். அத்தகைய பொருளில், இரு அதிர்வுகளுக்குமிடையே சரியாக அரை அலைநீளத் தாமதம் விழும் தடிமனில் அமைந்த தகடு, வலச்சுழி ஒளியை இடச்சுழியாகவும், இடச்சுழியை வலச்சுழியாகவும் மாற்றுகிறது. பாயின்காரே கோளத்தில் இது ஒரு துருவத்திலிருந்து மறு துருவத்துக்குச் செல்லும் பயணம். தகட்டின் அச்சு எத்திசையில் இருந்தாலும் புறப்படும் இடமும் சேரும் இடமும் மாறுவதில்லை; எந்தத் தீர்க்கரேகை வழியாகச் செல்கிறது என்பது மட்டுமே மாறுகிறது. இரண்டு தீர்க்கரேகைகளுக்கு நடுவே அடைபடும் பரப்பில் பாதியே கட்ட வேறுபாடு என்ற பஞ்சரத்தினத்தின் விதியைப் பொருத்தினால், அச்சை எவ்வளவு பாகை திருப்புகிறோமோ, ஒளியின் கட்டம் அதைப் போல் இரு மடங்கு மாறுகிறது என்பது கிடைக்கும். அச்சை 180 பாகை திருப்பினால் கட்டம் 360 பாகை, அதாவது ஒரு முழு அலை நகர்கிறது. 180 பாகை திரும்பிய அச்சோ பழைய அச்சிலிருந்து வேறுபட்டதன்று. கினோஃபார்மை வாட்டிய செங்குத்து இறக்கம் இங்கு தேவையற்றுப் போவது இதனால்தான்: அச்சு தொடர்ந்து சுழன்றுகொண்டே போகலாம், கட்டமும் தடையின்றி ஏறிக்கொண்டே போகலாம், படலமோ எங்கும் ஒரே தடிமனுடன் தட்டையாக இருக்கும். அச்சு ஒரு திசையில் சீராகச் சுழன்றால் அப்படலம் ஒளியை ஒரு பக்கம் திருப்பும் கீற்றணி. மையத்திலிருந்து விளிம்பை நோக்கிச் சுழற்சிக் கோணம் ஆரத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடினால் அது ஒளியைக் குவிக்கும் வில்லை. வேறெந்த விதமாகச் சுழன்றாலும் அதற்குரிய அலைமுகத்தைத் தரும் ஹோலோகிராம்.

வலச்சுழி ஒளி பெறும் கட்டம் கூட்டலானால் இடச்சுழி ஒளி பெறுவது கழித்தல் என்பதும் இவ்வமைப்பின் இயல்பு; ஆகவே ஒரே படலம் ஒரு சுழிக்குக் குவிவில்லையாகவும் மறு சுழிக்குக் குழிவில்லையாகவும் நடந்துகொள்ளும். கேபரின் முதல் ஹோலோகிராம்களைக் கெடுத்ததும் இத்தகைய இரட்டைதான்: உண்மை உருவத்தின் மேலேயே அதன் எதிர் உருவம் வந்து படிந்தது. லீத்தும் உபட்னீக்ஸும் கற்றைகளைச் சாய்த்து இரண்டையும் விலக்கினார்கள். இங்கு விலக்கத் தேவையில்லை; உள்ளே விடும் ஒளியின் சுழியைத் தேர்ந்துகொண்டாலே இரண்டில் ஒன்று தோன்றாமல் போய்விடும்.

இவ்வளவும் ஒரு படலத்தில் அச்சின் திசையை மைக்ரோமீட்டர் அளவில் விரும்பியபடி திருப்பி வைக்க முடிந்தால் மட்டுமே. அக்கலை ஒளியியலர்களிடம் இல்லை. அது துண்டு துண்டாக, ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமல், வேறு நோக்கங்களுக்காக வளர்ந்தது.

ஒரு துண்டு ஜார்ஜியாவிலும் பல்கேரியாவிலும் உருவானது. நேர்கோட்டுத் தளவிளைவுள்ள ஒளி பட்ட சில ஒளியுணர் பொருள்கள், ஒளி அதிர்ந்த திசையை ஒருவிதத்தில் நினைவில் கொண்டுவிடுகின்றன என்பதை ஜெர்மானிய வேதியியலர் ஃபிரிட்ஸ் வைகெர்ட் 1919-லேயே வெள்ளிக் குளோரைடு பூச்சுகளில் கண்டிருந்தார். இவ்விளைவைக் கொண்டு ஒளியின் தளவிளைவையே பதியலாம் என்ற கருத்தை 1972-இல் ஜார்ஜியரான ககிசாஷ்விலி வெளியிட்டார். எதிரெதிர்ச் சுழி கொண்ட இரண்டு லேசர் கற்றைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் வழக்கமான கருப்பு வெள்ளை வரிகள் தோன்றுவதில்லை. ஒளிச்செறிவு எங்கும் ஒன்றாகவே இருக்க, நேர்கோட்டு அதிர்வின் திசை மட்டும் இடத்துக்கு இடம் சீராகச் சுழன்று செல்கிறது. சாதாரணத் தகட்டின் கண்ணுக்கு இது வெறுமை. வைகெர்ட் விளைவுள்ள பொருளுக்கோ இது முழுமையான எழுத்து. சோஃபியாவில் தொதோரொவ், நிகோலோவா, தொமோவா ஆகியோர் 1984-இல் பாலிவினைல் ஆல்ககாலில் மெத்தில் ஆரஞ்சு சாயத்தைக் கலந்த படலங்களில் இவ்வகைப் பதிவுகளைச் செய்ததோடு, இவ்வாறு எழுதிய கீற்றணி, மெல்லியதாயினும் கோட்பாட்டளவில் முழு ஒளியையும் ஒரே திசைக்குத் திருப்பவல்லது என்பதையும் காட்டினர். பஞ்சரத்தினத்தின் பெயர் அக்கட்டுரைகளின் அடித்தளமன்று. ஆனால் அவர்கள் கையாண்டது அவருடைய கட்டத்தைத்தான். சாயப் படலத்தில் கிடைத்த இரட்டை ஒளிவிலகல் மிகக் குறைவு என்பதால் அரை அலைத் தாமதம் பெறப் படலம் தடிமனாக வேண்டியிருந்தது.

குறைந்த தடிமனில் மிகுந்த இரட்டை ஒளிவிலகல் தருவது திரவப் படிகம். 1888-இல் பிராக் நகரில் ஃபிரிடரிக் ரைனிட்சர் கொலஸ்ட்ரைல் பென்சோயேட்டைச் சூடாக்கியபோது அது 145.5 பாகை செல்சியசில் கலங்கிய நீர்மமாக உருகி, 178.5 பாகையில்தான் தெளிந்தது. அந்தக் கலங்கிய இடைநிலையில் மூலக்கூறுகள் நீர்மத்தைப் போல் நகர்ந்தாலும், படிகத்தைப் போல் ஓர் ஒழுங்கைக் காக்கின்றன. நெமாட்டிக் எனப்படும் எளிய வகையில், நெல்மணியைப் போல் நீண்ட மூலக்கூறுகள் யாவும் ஏறத்தாழ ஒரே திசையை நோக்கிக் கிடக்கின்றன. அத்திசையே ஒளியியல் அச்சு. பஞ்சரத்தினத்தின் தமையனார் எஸ். சந்திரசேகர் இத்துறையின் முன்னணி அறிஞர்களில் ஒருவர் என்பதும், 1971-இல் இராமன் ஆய்வு நிறுவனத்தில் திரவப் படிக ஆய்வகத்தை நிறுவி, 1977-இல் பி. கே. சதாசிவா, கே. ஏ. சுரேஷ் ஆகியோருடன் தட்டு வடிவ மூலக்கூறுகளாலான திரவப் படிகத்தைக் கண்டறிந்து உலகப் புகழ் பெற்றார் என்பதும் இவ்வரலாற்றில் ஒரு விந்தையான இணைவு. கட்டத்தைக் கண்டவர் தம்பி; அதை எழுதப் பொருத்தமான பொருளை ஆராய்ந்தவர் அண்ணன்; நிறுவனமும் ஒன்று. எனினும் இவ்விரண்டும் அங்கு இணையவில்லை என்றால் அதைக் குறையாகச் சொல்வது நியாயமாகாது. குறைவாக இருந்தது அறிவன்று. மூலக்கூறுகளை இடத்துக்கு இடம் வேறு வேறு திசையில் நிறுத்தும் கைத்திறன் அப்போது உலகில் எங்குமே இல்லை.

ஒரே திசையில் நிறுத்தும் வழி பழையது. கண்ணாடியை ஒரு திசையில் தேய்த்துவிட்டால் அதன்மேல் விடப்பட்ட திரவப் படிகம் அத்திசையிலேயே படுத்துக்கொள்ளும் என்பதை 1911-இல் பிரான்சின் சார்ல் மொகேன் கவனித்திருந்தார். கைக்கடிகாரம் முதல் கணினித் திரை வரை, இருபதாம் நூற்றாண்டின் திரவப் படிகக் காட்சித் திரைகள் பெரும்பாலும் இந்தத் தேய்ப்பில் எழுந்தவையே. பாலியிமைடு பூசிய கண்ணாடியை, துணி சுற்றிய உருளையால் தொழிற்சாலைகளில் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். தேய்ப்பு தூசியைக் கிளப்பியது. நிலைமின்னேற்றத்தைச் சேர்த்து நுண்மின்சுற்றுகளை எரித்தது. இதிலிருந்து தப்பும் ஆசையே தொடாமல் ஒளியால் திசையிடும் முறையைப் பெற்றெடுத்தது. 1988-இல் ஜப்பானின் இச்சிமுரா குழுவினர், அசோபென்சீன் மூலக்கூறுகளாலான ஒற்றை அடுக்கின் மேல் ஒளியைப் பாய்ச்சி, அதன்மேல் கிடந்த திரவப் படிகத்தை நிமிர்த்தவும் படுக்கவைக்கவும் முடியும் என்று காட்டினர். 1991-இல் அமெரிக்காவின் ஹெர்குலிஸ் நிறுவனத்தைச் சேர்ந்த வேய்ன் கிப்பன்ஸ் குழுவினர் தளவிளைவுள்ள லேசரால் பரப்பின் தளத்திலேயே திசையை எழுதினர். 1992-இல் பாசெல் நகரின் ஹாஃப்மன் லா ரோஷ் ஆய்வகத்தில் மார்ட்டின் ஷாட், தளவிளைவுள்ள புற ஊதாக் கதிரால் பிணைந்து நிலைத்துவிடும் பாலிமர் பூச்சைக் கொண்டுவந்தார். இதே காலத்தில் நெதர்லாந்தின் ஐன்தோவன் நகரிலிருந்த ஃபிலிப்ஸ் ஆய்வகத்தில் டிர்க் ப்ரூர், திசை ஒழுங்கு பெற்ற நிலையிலேயே புற ஊதா ஒளியால் இறுகித் திண்மப் படலமாகிவிடும் திரவப் படிக மூலக்கூறுகளை உருவாக்கிக்கொண்டிருந்தார். இவர்கள் யாரும் ஹோலோகிராம் செய்ய முற்படவில்லை. நல்ல திரை வேண்டும் என்பதே அவர்களுடைய தேவை. வினைக்கு வேண்டிய கருவிகளை ஒரு தொழில் அறியாமலே மற்றொரு துறைக்குச் செய்து வைத்தது.

பஞ்சரத்தினத்தின் பெயரை ஒளியியல் உறுப்பு ஒன்றின் மேல் பொறித்தவர்கள் இஸ்ரேலின் ஹைஃபா நகரிலுள்ள டெக்னியானைச் சேர்ந்த எரெஸ் ஹாஸ்மன் குழுவினர். ஒளியின் அலைநீளத்தைவிட நெருக்கமான வரிகளைக் காலியம் ஆர்சனைடில் செதுக்கி, அவ்வரிகளின் திசையை இடத்துக்கு இடம் மாற்றி, 10.6 மைக்ரோமீட்டர் அகச்சிவப்பு லேசருக்கான கீற்றணிகளை அவர்கள் 2002-ஐ ஒட்டிச் செய்தனர். கண்ணுக்குப் புலனாகும் ஒளிக்கு அவ்வளவு நுண்ணிய வரிகளைப் பரந்த பரப்பில் செதுக்குவது அன்று கடினமாக இருந்ததால், திரவப் படிகத்தின் வாய்ப்பு கூடியது. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் லொரென்சோ மார்ருச்சி 2006-இல் வெளியிட்ட, ஒளிக்குச் சுழல் வடிவ அலைமுகம் தரும் தகடும் திரவப் படிகத்தாலானதே.

ஆனால் பல துண்டுகளும் கூடிய இடம் எதுவென்றால், வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் எஸ்குட்டி அமைத்த ஆய்வகத்தையே சொல்ல வேண்டும். அது தற்செயலன்று. அவர் முனைவர் பட்டம் பெற்றது பிரவுன் பல்கலைக்கழகத்தில், கிரெகரி கிராஃபர்டின் குழுவில். எதிரெதிர்ச் சுழிக் கற்றைகளால் ஒளிதிசையூட்டும் பூச்சில் வரைந்து, அதன்மேல் திரவப் படிகத்தைச் சுழல் வரிசையில் நிறுத்திய ஆய்வுகளை 2004, 2005 ஆண்டுகளில் வெளியிட்டது அதே குழுதான். பட்டத்துக்குப் பின் எஸ்குட்டி பணியாற்றியதோ ஐன்தோவனில், ப்ரூருடன். ஒளியால் திசை எழுதும் முறையையும், எழுதியதை உறையவைக்கும் வேதியியலையும் கைப்பழக்கமாகவே கொண்டிருந்தவரிடம், ஏறத்தாழ முழு ஒளியையும் ஒரே பக்கம் திருப்பும் கீற்றணிகள் சில ஆண்டுகளிலேயே கைகூடின. ஃபுளோரிடாவில் நெல்சன் தபிரியன் தலைமையிலான பீம் நிறுவனமும் இதே பாதையில், வேறு பெயரிட்டு, முன்னேறிக்கொண்டிருந்தது.

செய்முறை கேட்பதற்கு எளிது. தூய கண்ணாடித் தகட்டின் மேல் ஒளிதிசையூட்டும் பொருளைச் சில துளிகள் விட்டு, தகட்டை வேகமாகச் சுழற்றினால் சில பத்து நானோமீட்டர் தடிமனில் பூச்சு பரவும். அதன்மேல் எதிரெதிர்ச் சுழி கொண்ட இரண்டு புற ஊதா லேசர் கற்றைகளை விழச் செய்தால், பூச்சின் மூலக்கூறுகள் ஒவ்வோரிடத்திலும் அங்குள்ள அதிர்வுத் திசைக்கு ஏற்ப ஒழுங்குபடும். பின்பு வினைபுரியும் திரவப் படிகத்தைக் கரைசலாக ஊற்றி மீண்டும் சுழற்ற, அது கீழுள்ள எழுத்தைத் தானாகவே படித்து அதன்படி திரும்பிக்கொள்ளும். ஆக்சிஜன் இல்லாத நைட்ரஜன் சூழலில் சீரான புற ஊதா ஒளி காட்டினால் அப்படியே இறுகிவிடும். இரட்டை ஒளிவிலகல் 0.14 ஆக உள்ள பொருளில், 532 நானோமீட்டர் பச்சை ஒளிக்கு அரை அலைத் தாமதம் பெற 1.9 மைக்ரோமீட்டர் தடிமன் போதும். அச்சு 2 மைக்ரோமீட்டர் தொலைவில் ஓர் அரைச் சுற்று சுழன்றால், 633 நானோமீட்டர் சிவப்பு லேசர் ஏறத்தாழ 18 பாகை திரும்பிச் செல்லும்.

இடர் இருந்தது நெருக்கத்தில். திரவப் படிகம் வளையவும் திருகவும் விரும்பாதது. அச்சு மிகக் குறுகிய தொலைவில் சுழல வேண்டியிருந்து, படலமும் தடிமனாக இருந்தால், மேற்புற மூலக்கூறுகள் கீழுள்ள எழுத்தை மீறித் தமக்கு வசதியான நிலைக்கு ஒதுங்கிவிடும். இதற்குக் கண்ட தீர்வு பொறுமை: படலத்தை ஒரே தடவையில் ஊற்றாமல், மெல்லிய அடுக்கொன்றை ஊற்றி உறையவைத்து, அதையே அடுத்த அடுக்குக்கு வழிகாட்டியாக்கி, படிப்படியாக வேண்டிய தடிமனை எட்டுவது.

அடுக்குகள் வந்ததும் நிறச் சிக்கலுக்கும் வழி பிறந்தது. அரை அலைத் தாமதம் என்பது ஒரு நிறத்துக்கே சரியாகப் பொருந்தும். மற்ற நிறங்களில் ஒளியின் ஒரு பகுதி மாறாமல் நேரே கசிந்துவிடும். அடுக்குக்கு அடுக்கு மூலக்கூறுகளை வெவ்வேறு அளவில் திருகச் செய்து, ஒன்றின் பிழையை மற்றொன்று ஈடுகட்டும்படி அமைத்த படலங்களை எஸ்குட்டி குழுவினர் 2013-இல் விவரித்தனர். பல தகடுகளை வெவ்வேறு கோணங்களில் அடுக்கி நிறப் பிழையைப் போக்கும் உத்தியை, பாயின்காரே கோளத்தின் துணையோடு 1955-இல் வகுத்துக் காட்டியவர்களிலும் முதன்மையானவர் பஞ்சரத்தினமே. கட்டத்தைப் பற்றிய கட்டுரை மறக்கப்பட்டிருந்த ஆண்டுகளிலும், நிறத்துக்குக் கட்டுப்படாத அவருடைய தகடுகளை வானியலர்கள் செய்து பயன்படுத்திக்கொண்டுதான் இருந்தனர்.

கீற்றணியும் வில்லையும் செய்ய முடிந்த கையால், விரும்பிய எந்த அலைமுகத்தையும் பதிய முடியுமா என்பதே ஹோலோகிராம் என்ற சொல்லுக்குத் தகுதி தரும் சோதனை. 2014-இல் மிஸ்கெவிச்சும் எஸ்குட்டியும், குவித்த ஒரே லேசர்ப் புள்ளியின் தளவிளைவைத் திருப்பியபடியே தகட்டை நகர்த்தி, கணினி வகுத்த எந்த வடிவையும் வரி வரியாக நேரடியாக எழுதும் முறையை வெளியிட்டனர். 2015-இல் அக்குழு ஆப்டிகா இதழில், இரு கற்றைகளில் ஒன்றின் பாதையில் உண்மையான பொருளை வைத்து, அப்பொருள் ஒளிக்குத் தரும் அலைமுகத்தையே படலத்தில் பதிந்து, ஏறத்தாழ முழுத் திறனுடன் மீட்டெடுத்துக் காட்டியது. கேபர் கனவு கண்டது பொருளின் அலையைப் பதிவது. லீத்தின் மேசை மேல் இருந்ததும் இரு கற்றைகள்தாம். மாறியது பதியும் மை.

பயன்பாடுகளில் மிகக் கடுமையான தேர்வை வைத்தவர்கள் வானியலர்கள். விண்மீன் ஒன்றின் அருகே சுற்றும் கோள் அதன் ஒளியில் மூழ்கிக் கிடப்பதால், விண்மீனின் ஒளியை ஒரு பக்கத்தில் மட்டும் இருளச் செய்யும் அலைமுகத் தகடு அவர்களுக்குத் தேவைப்பட்டது. லெய்டன் பல்கலைக்கழகத்தின் ஃபிரான்ஸ் ஸ்னிக் முதலானோர் நேரடி எழுத்து முறையில் செய்வித்த திரவப் படிகத் தகடு, சிலி நாட்டின் லாஸ் காம்பனாசிலுள்ள 6.5 மீட்டர் மெகல்லன் கிளே தொலைநோக்கியில் பொருத்தப்பட்டு, 2 முதல் 5 மைக்ரோமீட்டர் வரையிலான அகச்சிவப்பில் இயங்கியது. இரு சுழிகளும் எதிரெதிர்க் கட்டம் பெறும் இயல்பு இங்கு வரமாயிற்று: ஒரு சுழியின் உருவில் இடப்பக்கம் இருண்டால் மறு சுழியின் உருவில் வலப்பக்கம் இருளும், இரண்டையும் அருகருகே பதிந்தால் விண்மீனின் இருபுறமும் தேடலாம்.

மறுமுனையில் தலைக்கவசத் திரைகளைச் செய்வோர் வந்தனர். 2019-இல் ஃபேஸ்புக் நிறுவனம் காட்டிய ஹாஃப் டோம் 3 என்ற மாதிரியில், ஒவ்வொன்றும் குவிக்கவும் விரிக்கவும் வல்ல ஆறு திரவப் படிக வில்லைகள் அடுக்கப்பட்டு, ஒவ்வொன்றும் இரு நிலைகளில் மாற மொத்தம் 64 குவியத் தொலைவுகள் கிடைத்தன. எந்த உறுப்பும் முன்னும் பின்னும் நகர வேண்டியிருக்கவில்லை. எஸ்குட்டியின் ஆய்வகத்திலிருந்து முளைத்த இமேஜின் ஆப்டிக்ஸ் நிறுவனத்தை 2021-இன் இறுதியில் அதே நிறுவனம், மெட்டா என்ற புதிய பெயரில், வாங்கிக்கொண்டது.

இதுவரை கூறியவை யாவும் ஒளி ஊடுருவிச் செல்லும் படலங்கள். ரைனிட்சர் முதன்முதலில் உருக்கிய பொருளோ வேறு வகையைச் சேர்ந்தது: அதில் மூலக்கூறுகளின் திசை அடுக்குக்கு அடுக்கு சிறிது சிறிதாகத் திரும்பித் திருகாணி வடிவில் ஏறுகிறது, திருகின் சுழியோடு ஒத்த வட்டத் தளவிளைவு, திருகின் இடைவெளிக்கேற்ற நிறத்தில், திருப்பி அனுப்பப்படுகிறது. இக்கொலஸ்டெரிக் வகையில் பரப்பின் திசையை வரைந்தால் திருகு தொடங்கும் நிலை இடத்துக்கு இடம் மாறும் என்றும், திரும்பி வரும் ஒளி அதற்கேற்பக் கட்டம் பெறும் என்றும் 2016-இல் ஒசாகா பல்கலைக்கழகத்தின் கொபாஷி, யோஷிதா, ஒசாகி ஆகியோர் நேச்சர் ஃபோட்டானிக்ஸ் இதழில் காட்டினர். அதே ஆண்டில் பிரான்சின் போர்தோ நகரில் எத்தியென் பிரசெலெ குழுவினரும் இதே முடிவை எட்டினர். இப்படலங்கள் கண்ணாடியைப் போல் பிரதிபலித்தாலும் விழுகோணமும் மீள்கோணமும் சமமாக இருக்க வேண்டும் என்ற விதிக்குக் கட்டுப்படுவதில்லை; எதிரே உள்ள உலகை மறைக்காமல், ஒரு நிறத்தை மட்டும் பிடித்துக் கண்ணுக்குள் திருப்புகின்றன. மூக்குக் கண்ணாடி அளவில் திரை செய்ய முயல்வோர் இப்படலங்களைக் கொண்டு என்ன செய்தார்கள் என்பது அடுத்த இயலில்.